அப்பாவின் பெட்டியில் பழைய பேஸ்பால் பொருள்கள் கிடைத்தால்: முதல் நாளிலிருந்து கடைசி ரசீது வரை

ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டியில் அப்பா இருந்த வீட்டைக் காலி செய்யும்போது பேஸ்மென்டில் வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. அப்பா 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்தவர். கிரிக்கெட் பார்க்க வழியில்லாத ஊரில், அந்த ஊர் பேஸ்பால் அணியான ரெட்ஸைப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்குள் ஒரு காபி டின் நிறைய பேஸ்பால் கார்டுகள் (ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகள்), கோ-ஆப்டெக்ஸ் துண்டில் சுற்றிய கையெழுத்துப் பந்து ஒன்று, டிக்கெட் துண்டுகள், பென்சிலில் நிரப்பிய ஸ்கோர்கார்டுகள், மடிப்பு விழுந்த முக்கோணக் கொடி ஒன்று.

இவற்றுக்கு ஒரு வழி செய்ய எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதில் மூன்று மாதம் தெரியாமல் செய்ததைச் சரிசெய்யவே போனது. அப்பா அம்மா இங்கேயே வாழ்ந்து முடித்த குடும்பங்களுக்கு இப்போது இந்த வேலை ஒவ்வொன்றாக வருகிறது. உங்களுக்கு அது வரும்போது கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் வழக்கறிஞரோ வரி ஆலோசகரோ இல்லை. பெரிய தொகை என்றால் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

1. முதல் வாரம் எதையும் துடைக்காதீர்கள், பிரிக்காதீர்கள்

பெட்டி இருந்த இடத்திலேயே, இருந்த நிலையிலேயே கைபேசியில் படம் எடுங்கள். பிறகு மூடியைத் திறந்து ஒவ்வோர் அடுக்கையும் எடுங்கள். எந்தக் கார்டு எந்த உறையில் இருந்தது, எந்த டிக்கெட் எந்த ஸ்கோர்கார்டுக்குள் சொருகியிருந்தது என்பதெல்லாம் பின்னால் உதவும். ஒரு பொருள் எங்கிருந்து யார் கைவழியாக வந்தது என்பதற்கான ஆதாரத்தை இந்தத் தொழிலில் 'ப்ராவனன்ஸ்' என்பார்கள். ஒருமுறை கலைத்துவிட்டால் அதை மறுபடி அடுக்க முடியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பந்தில் தூசி இருக்கிறதே என்று என் மச்சான் ஈரமான பேப்பர் டவலால் ஒருமுறை தடவினார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஐம்பது வருட மை அது. ஒரு கையெழுத்தின் கடைசி எழுத்து நீலப் புகைபோலப் பரவிவிட்டது. பந்து அழுக்காக இருந்தால் அழுக்காகவே இருக்கட்டும். மங்கிய கையெழுத்தின் மேல் பேனாவால் எழுதவே கூடாது, அதோடு அதன் மதிப்பு போய்விடும்.

கார்டுகளில் காய்ந்து ஒட்டிப்போன ரப்பர் பேண்டு இருந்தால் இழுக்காமல் சிறு கத்தரியால் வெட்டுங்கள். ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு அப்படியே விடுங்கள். பெட்டியை பேஸ்மென்டிலும் அட்டிக்கிலும் வைக்காமல் வெயில் படாத படுக்கையறை அலமாரிக்கு மாற்றுங்கள். முதல் வாரத்தில் இவ்வளவு போதும்.

இன்னொன்று, தமிழில் எழுதியிருப்பதைக் கிறுக்கல் என்று நினைத்துக் கழித்துவிடாதீர்கள். அப்பாவின் ஸ்கோர்கார்டுகளில் ஒன்று 1975 உலகத் தொடரின் (பேஸ்பாலின் வருடாந்தர இறுதித் தொடர், 'வேர்ல்ட் சீரிஸ்') மூன்றாவது ஆட்டம், அக்டோபர் 14, ரிவர்ஃபிரன்ட் ஸ்டேடியம். பத்தாவது இன்னிங்ஸ் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலில், "இடிச்சுட்டான். நடுவர் ஒண்ணும் சொல்லலை" என்று இருக்கிறது. பாஸ்டன் கேட்சர் கார்ல்டன் ஃபிஸ்க்கும் ரெட்ஸ் ஆட்டக்காரர் எட் ஆம்பிரிஸ்டரும் மோதிக்கொண்ட அந்தச் சம்பவத்தைப் பற்றி இன்றுவரை விவாதம் உண்டு. ரெட்ஸ் 6-5 என்று ஜெயித்தது. தன் அணி ஜெயித்த ஆட்டத்திலும் அப்பா அதைக் குறித்து வைத்திருக்கிறார். நான் அந்த வரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, தேதி போட்டு, கையொப்பமிட்டு ஸ்கோர்கார்டோடு வைத்தேன். ஏல நிறுவனத்தில் அதைப் பார்த்தவர் முதலில் கேட்டதே இந்தத் தாளைப் பற்றித்தான்.

2. விற்கும் உரிமை யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெட்டி உங்கள் கையில் இருப்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. உயில் இருந்தால் அதில் பெயர் சொல்லப்பட்ட எக்சிக்யூட்டருக்கு (உயிலை நிறைவேற்றுபவர்) ப்ரோபேட் நீதிமன்றம், அதாவது உயில், வாரிசு விஷயங்களைப் பார்க்கும் நீதிமன்றம், அதிகாரக் கடிதம் கொடுக்க வேண்டும். ஒஹாயோவில் இதை 'லெட்டர்ஸ் ஆஃப் அதாரிட்டி' என்பார்கள், பல மாநிலங்களில் 'லெட்டர்ஸ் டெஸ்டமென்டரி'. சொத்தின் மொத்த மதிப்பு குறைவாக இருந்தால் சுருக்கமான வழி உண்டு. ஒஹாயோவில் 35,000 டாலர் வரை அந்த வழியில் போகலாம், எல்லாம் கணவன் அல்லது மனைவிக்கே போகிறது என்றால் 1,00,000 டாலர் வரை. மற்ற மாநிலங்களில் வரம்பு வேறு. உங்கள் கவுன்ட்டி ப்ரோபேட் நீதிமன்ற இணையதளத்தில் படிவங்கள் கிடைக்கும்.

தயாராக வைத்திருக்க வேண்டியவை: இறப்புச் சான்றிதழின் சான்றளித்த நகல்கள் (ஐந்தாறு வாங்கிக்கொள்ளுங்கள், வங்கிக்கும் வேண்டியிருக்கும்), உயில் அல்லது டிரஸ்ட் ஆவணம், அதிகாரக் கடிதம், உங்கள் அடையாள அட்டை.

அப்புறம் உடன்பிறந்தவர்கள். என் அக்கா சென்னையில் இருக்கிறார். பந்து அவருக்கும் ஒரு நினைவுதான் என்பது எனக்கு முதலில் தோன்றவில்லை. வீடியோ அழைப்பில் எல்லாப் பொருளையும் காட்டி, யார் எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது, பணத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரும் கையொப்பமிட்டு ஸ்கேன் செய்து பகிர்ந்துகொண்டோம். விலை தெரிவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். தொகை தெரிந்த பிறகு இந்தப் பேச்சு எந்த வீட்டிலும் சுலபமாக இருக்காது.

3. என்ன இருக்கிறது என்று அடையாளம் காணுங்கள்

கார்டுகளில் இருந்து தொடங்கலாம். பின்பக்கத்தில் ஆட்டக்காரரின் வருடவாரியான கணக்கு இருக்கும். கடைசி வரி 1974 என்றால் பெரும்பாலும் அது 1975 கார்டு. டாப்ஸ் என்பது இந்தக் கார்டுகளை வெளியிட்ட நிறுவனம். 1957 முதல் அதன் கார்டுகளின் அளவு 2½ x 3½ அங்குலம். 1952 முதல் 1956 வரை கொஞ்சம் பெரியவை, 2⅝ x 3¾. இந்த அளவு ஏன் முக்கியம் என்றால், 1952 டாப்ஸ் வரிசையை 1983-இல் அந்த நிறுவனமே மறுபதிப்பாக வெளியிட்டது, அது சிறிய அளவில் இருக்கும். நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் 1952 கார்டு ஒன்று 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் வீட்டில் ஒரு மேன்டிலைப் பார்த்ததும் படபடத்துப் போகிறார்கள். முதலில் அளவுகோலை எடுங்கள்.

கார்டுகளை மூன்று குவியலாகப் பிரித்தால் போதும். 1970-க்கு முந்தையவை எல்லாவற்றையும் தனியாக வையுங்கள், பெயர் தெரியாத ஆட்டக்காரர் என்றாலும். 1970 முதல் 1980-களின் தொடக்கம் வரை உள்ளவற்றில் நட்சத்திரங்களையும் அவர்களின் முதல் வருட கார்டுகளையும் மட்டும் எடுங்கள். 1975-இல் ஜார்ஜ் பிரெட், ராபின் யவுன்ட் இருவரின் முதல் கார்டுகள் வந்தன. ரெட்ஸ் ரசிகர் வீட்டில் 1968-இன் ஜானி பெஞ்ச் கார்டு இருக்கலாம், அதில் இரண்டு ஆட்டக்காரர்களின் முகங்கள் இருக்கும். அதே வருடத்து நோலன் ரயன் கார்டிலும் அப்படியே இரண்டு முகங்கள். மூன்றாவது குவியல் 1980-களின் பிற்பகுதியும் 1990-களின் தொடக்கமும். அந்தக் காலத்தில் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள், எல்லோரும் பத்திரமாகவும் வைத்தார்கள். அதனால் சீல் உடைக்காத பெட்டிக்குக்கூட பெரும்பாலும் விலை இல்லை. அப்பர் டெக் நிறுவனத்தின் 1989 கென் கிரிஃபி ஜூனியர் கார்டு போல விரல் விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள் உண்டு.

ரெட்ஸ் நட்சத்திரம் பீட் ரோஸின் 1963 கார்டு இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் கவனம். நான்கு சிறு தலைகள் இருக்கும் அந்தக் கார்டுக்குப் போலிகள் பல வருடங்களாகச் சுற்றுகின்றன.

சரி, பந்துக்கு வருவோம். வருடத்தைப் பந்தே சொல்லிவிடும் என்பது எனக்கு இதில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அதிகாரபூர்வ லீக் பந்தில் தயாரிப்பாளர் பெயரும் லீக் தலைவரின் கையெழுத்தும் அச்சில் இருக்கும். லீக்குகள் இரண்டு. ரெட்ஸ் ஆடும் நேஷனல் லீக் என்றால் 1951 முதல் 1969 வரை வாரன் ஜைல்ஸ், 1970 முதல் 1986 வரை சார்லஸ் ஃபீனி. அமெரிக்கன் லீக்கில் 1959 முதல் 1973 வரை ஜோ க்ரோனின், அடுத்து 1983 வரை லீ மக்ஃபெயில். 1976 வரை நேஷனல் லீக் பந்துகளை ஸ்பால்டிங் செய்தது, 1977 முதல் ராலிங்ஸ். அப்பாவின் பந்தில் ஃபீனி பெயரும் ஸ்பால்டிங் பெயரும் இருந்தன. ஆக, அது 1970-க்கும் 1976-க்கும் இடைப்பட்ட பந்து. தையல்கள் நெருங்கி வரும் குறுகலான இடத்தை 'ஸ்வீட் ஸ்பாட்' என்பார்கள். அணி முழுவதும் கையெழுத்திட்ட பந்தில் அந்த இடத்தை வழக்கமாக மேனேஜருக்கு (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) விடுவார்கள். அங்கே ஸ்பார்க்கி ஆண்டர்சன் பெயர் இருந்தது. அவர் 1970 முதல் 1978 வரை ரெட்ஸ் மேனேஜர். இரண்டு கணக்கும் ஒத்துப்போனது. உங்கள் பந்தில் ஒத்துப்போகவில்லை என்றால், உதாரணமாக 1948-இல் இறந்த பேப் ரூத்தின் கையெழுத்து ஜைல்ஸ் பந்தில் இருந்தால், அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம்.

அடுத்து, அது பேனாவால் போட்ட கையெழுத்தா, அச்சா? மைதானக் கடைகளில் அணி முழுவதின் கையெழுத்தையும் அச்சிட்ட பந்துகள் விற்றார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்குங்கள், பத்துப் பதினைந்து டாலர்தான் ஆகும். பால்பாயின்ட் பேனா தோலில் ஒரு மெல்லிய பள்ளத்தை விட்டிருக்கும். கோடு சில இடங்களில் அழுத்தமாகவும் சில இடங்களில் விட்டுவிட்டும் இருக்கும். அச்சு என்றால் எல்லாப் பெயரும் ஒரே நிறம், ஒரே தடிமன், பள்ளம் கிடையாது.

பேனாவால் போட்டதே என்றாலும் அந்த ஆட்டக்காரர்தான் போட்டார் என்று உறுதியில்லை. நட்சத்திர ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக உடைமாற்றும் அறை உதவியாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அந்தக் காலத்தில் சாதாரணம். 'கிளப்ஹவுஸ் கையெழுத்து' என்று இதற்குப் பெயரே உண்டு.

டிக்கெட் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாதனை நடந்த ஆட்டத்தின் டிக்கெட்டுக்கு இப்போது நல்ல தேவை இருக்கிறது. தேதியை வைத்து அன்று என்ன நடந்தது என்று தேடுங்கள். 1985 செப்டம்பர் 11, சின்சினாட்டி என்று இருந்தால், அது பீட் ரோஸ் தன் 4,192-ஆவது ஹிட்டை அடித்துச் சாதனை படைத்த இரவு.

4. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள்

ஈபேயில் ஒரு கார்டுக்கு 5,000 டாலர் என்று யார் வேண்டுமானாலும் போடலாம். தேடல் பக்கத்தில் 'சோல்டு ஐட்டம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் உண்மையில் கைமாறிய விலை தெரியும். பெரிய ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரே கார்டின் விலை நிலைக்கு ஏற்ப ஐம்பது மடங்குகூட மாறும். மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் இருக்கிறதா, மடிப்பு உண்டா என்று நேர்மையாகப் பார்த்து, அதே நிலையில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். நமக்கு நம் அப்பா வைத்திருந்தது எல்லாம் புதிது போலத்தான் தெரியும்.

பீட் ரோஸ் கையெழுத்து என்றால் பெரிய தொகை என்று நானும் நினைத்தேன். அவர் வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தவர். சந்தையில் அது நிறையக் கிடைக்கிறது, விலையும் அதற்கேற்பத்தான்.

இந்தக் கட்டத்தில் ஒரு அட்டவணை போடுங்கள்: பொருள், வருடம், நிலை, விற்ற விலை, பார்த்த தேதி. ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்பா இறந்த தேதியை ஒட்டிய விற்பனைகளைக் கட்டாயம் சேருங்கள். வரி நேரத்தில் இதுதான் கைகொடுக்கும்.

5. கிரேடிங், கையெழுத்துச் சரிபார்ப்பு: கணக்குப் போட்டுவிட்டு அனுப்புங்கள்

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் ஆகியவை கார்டுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள். கட்டணம் அடிக்கடி மாறுகிறது. கார்டின் மதிப்பு கூடக்கூட அது நூற்றுக்கணக்கான டாலருக்குப் போகும். மதிப்பைக் குறைத்துச் சொல்லி அனுப்பினாலும் பயனில்லை, மதிப்பெண் வந்த பிறகு மேல் கட்டணம் போட்டுவிடுவார்கள். போக வர தபால் செலவும் காப்பீடும் தனி. மலிவான சேவையில் திரும்பி வர மாதங்கள் ஆகலாம்.

நான் அவசரத்தில் நாற்பது கார்டுகள் அனுப்பினேன். அதில் இருபத்தெட்டு, கிரேடிங் கட்டணத்தைவிடக் குறைந்த விலையுள்ளவை. அந்தப் பணம் போனது போனதுதான். இப்போது நான் சொல்லும் கணக்கு இது: கார்டுக்கு 5 மதிப்பெண் மட்டுமே கிடைத்தாலும் செலவைப்போல மூன்று மடங்குக்கு விற்குமா? விற்கும் என்றால் அனுப்புங்கள், இல்லையென்றால் வேண்டாம். ஓரத்தை யாராவது வெட்டிச் சரிசெய்திருந்தால் மதிப்பெண்ணே தர மாட்டார்கள்.

கார்டை மெல்லிய பிளாஸ்டிக் ஸ்லீவில் போட்டு, கொஞ்சம் வளையக்கூடிய 'கார்டு சேவர்' உறையில் வைத்து அனுப்ப வேண்டும். டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை வீட்டில் வைப்பதற்கு நல்லது, கிரேடிங்குக்கு பிஎஸ்ஏ கேட்பது கார்டு சேவர்தான்.

கையெழுத்துக்கு பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் மூன்றின் சான்றையும் வாங்குபவர்கள் ஏற்கிறார்கள். பெயர் கேட்டிராத யாரோ அச்சடித்துக் கொடுத்த சான்றிதழ் பெட்டியில் இருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தபோது, போலிப் பொருளோடு போலிச் சான்றிதழும் சேர்ந்தே விற்றது தெரியவந்தது. ஜூலை இறுதியில் நடக்கும் தேசிய சேகரிப்பாளர் மாநாட்டுக்குப் போக முடிந்தால் பல நிறுவனங்களை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம், பந்தைத் தபாலில் அனுப்பும் பயமும் இல்லை.

எங்கள் பந்தைச் சரிபார்த்த கடிதத்தில் ஒரு நட்சத்திர ஆட்டக்காரரின் பெயருக்கு எதிரே 'கிளப்ஹவுஸ்' என்று வந்தது. விலை குறைந்தது உண்மைதான். ஆனாலும் சான்று இல்லாமல் விற்றிருந்தால் வாங்கியவர் பின்னால் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்.

6. விற்கும் வழிகள்

ஊரில் உள்ள கடை: அன்றே பணம். ஆனால் அவர்களும் லாபம் வைத்து விற்க வேண்டும், எனவே சந்தை விலையில் பாதி கிடைத்தாலே பெரிது. நான் போன ஒரு கடையில் பெட்டியை இரண்டு நிமிடம் கிளறிவிட்டு "மொத்தமாக 150" என்றார்கள். அந்தப் பெட்டியில் இருந்த ஒரே ஒரு கார்டு பின்னால் அதைவிட ஐந்து மடங்குக்குப் போனது. மொத்தமாக விலை சொல்பவரிடம் அன்று எதையும் கொடுக்காதீர்கள். பொருள்வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஈபே: 50 முதல் 500 டாலர் வரையான கார்டுகளுக்கு நல்லது. கட்டணம் ஏறத்தாழ 13 சதவீதம் போகும். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். குறையை நீங்களே எழுதிவிட்டால் தகராறு வராது.

ஏல நிறுவனம்: ஹெரிடேஜ், ஆர்இஏ, கோல்டின் போன்றவை. ஆயிரங்களில் போகும் பொருளுக்கு இதுதான் சரி. வாங்குபவரிடம் 20 சதவீத அளவில் கூடுதலாக வசூலிப்பார்கள், அதனால் விற்பவர் கமிஷனைப் பேசிக் குறைக்க முடியும். கேட்காமல் யாரும் குறைக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: கமிஷன், குறைந்தபட்ச விலை உண்டா, படம் எடுக்கவும் சரிபார்க்கவும் தனிக் கட்டணமா, பொருள் அவர்களிடம் இருக்கும்போது காப்பீடு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும். ஏலத்துக்கு இரண்டு மாதம் முன்பே பொருள் போய்ச் சேர வேண்டியிருக்கும், முடிந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதிகாரக் கடிதத்தின் நகலை என்னிடம் இங்கேதான் கேட்டார்கள்.

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் பொருள்களை விலைக்கு வாங்குவதில்லை, நன்கொடையாக மட்டுமே ஏற்கும். விலை மதிப்பிட்டும் தராது. 5,000 டாலருக்கு மேல் மதிப்புள்ளதை எங்காவது நன்கொடை கொடுத்து வரிக்கழிவு கேட்பதானால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வரித் துறையின் 8283 படிவமும் வேண்டும்.

7. அனுப்பும்போது

விலை கூடிய பொருளை அமெரிக்கத் தபால் துறையின் ரெஜிஸ்டர்டு மெயிலில் அனுப்புங்கள். 50,000 டாலர் வரை காப்பீடு கிடைக்கும். மெதுவாகப் போகும், ஆனால் ஒவ்வொரு கையிலும் கையொப்பம் வாங்கியே நகரும். பெட்டியின் எல்லா இணைப்பிலும் காகித டேப்தான் ஒட்ட வேண்டும், முத்திரை அதில் பதிய வேண்டும் என்பதற்காக. பிளாஸ்டிக் டேப் ஒட்டிக்கொண்டு போனதால் நான் கவுன்ட்டரில் இருந்து திரும்பி வந்து, எல்லாவற்றையும் மறுபடி கட்டினேன். பந்தை முதலில் கனசதுரப் பெட்டியில் வைத்து, அதைச் சுற்றிக் குமிழ் உறை, பிறகு இன்னொரு பெட்டி.

8. வரி

பிள்ளைகள் பலர் இங்கேதான் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், அல்லது தேவையில்லாமல் கட்டிவிடுகிறார்கள். மரணத்தின் வழியாக வந்த பொருளுக்கு, இறந்த தேதியில் அதன் சந்தை மதிப்புதான் உங்கள் கொள்முதல் விலை. அப்பா 1975-இல் சில சென்டுகளுக்கு வாங்கிய கார்டு, அவர் இறந்தபோது 900 டாலர் பெறும், நீங்கள் 1,000-க்கு விற்றீர்கள் என்றால் லாபம் 100 டாலர்தான். அதிலிருந்தும் விற்பனைச் செலவைக் கழிக்கலாம். எவ்வளவு சீக்கிரம் விற்றாலும் நீண்டகால லாபமாகவே கணக்கு. சேகரிப்புப் பொருள்களுக்கு மத்திய வரி அதிகபட்சம் 28 சதவீதம். வரிக் கணக்கின் 8949 படிவத்தில் வாங்கிய தேதி என்ற இடத்தில் 'இன்ஹெரிட்டட்' என்று எழுத வேண்டும்.

பெரிய பொறி எது என்றால், அப்பா உயிரோடு இருக்கும்போதே அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அவர் வாங்கிய விலையே உங்கள் விலை. அதனால் எது எப்போது கைமாறியது என்று எழுதி வையுங்கள்.

ஈபே போன்ற தளங்களில் இருந்து, வரிக்காக விற்பனையைத் தெரிவிக்கும் 1099-கே படிவம் வந்தால், அதில் இருப்பது மொத்த விற்பனைத் தொகை, லாபம் அல்ல. நான்காவது படியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகள் இப்போது உதவும். மாநில வாரிசு வரியையும் பாருங்கள். பென்சில்வேனியாவில் பிள்ளைகளுக்கு 4.5 சதவீதம், நியூ ஜெர்சியில் பிள்ளைகளுக்கு இல்லை, ஒஹாயோவில் அப்படியொரு வரியே இல்லை.

9. வைத்துக்கொள்பவை

எல்லாவற்றையும் விற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளும் கார்டுகளுக்கு ஸ்லீவும் டாப்லோடரும், காகிதங்களுக்கு அமிலமில்லாத உறை, பந்துக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கனசதுரப் பெட்டி. எல்லாம் சேர்ந்து நூறு டாலருக்குள் முடியும். வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருள்களுக்குத் தனி வரம்பு இருக்கும், அதைத் தாண்டினால் கூடுதல் காப்பீடு கேளுங்கள். சென்னைக்கு அனுப்புவதாக இருந்தால் ஈரப்பதத்தை நினைவில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, காற்றுப் புகாத பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

பந்து இப்போது அக்காவிடம், அதே கோ-ஆப்டெக்ஸ் துண்டோடு போனது. 1975 ஸ்கோர்கார்டை ஏல நிறுவனத்திடம் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அசல் அலமாரியில் உறைக்குள் இருக்கிறது. வண்ண நகல் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். என் மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும். பத்தாவது இன்னிங்ஸ் ஓரத்தில் இருப்பதை அவள் "இ, டி, ச்" என்று ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக்கொண்டிருக்கிறாள்.